லினக்ஸ் சேவையகத்தில் வன்தட்டு வழுக்களை இனங்காணல்

மாணவர்களே, 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சிலவற்றிற்கு வேறு பிரதியே இருக்கவில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை மின்பிரதிகளாக்கிப் பேணி வருகின்றது. எனினும் மின்பிரதியும் ஏதோவொரு தட்டிலேயே தங்கியுள்ளது, தட்டும் பழுதடையும்.

சேவையகம் ‘உள்ளீட்டு / வெளியீட்டு வழு’ எனக் காட்டினால் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுக.

1. டிமெசேஜ் கட்டளையை இடுக. எந்தத் தட்டில் வழு என்பதைக் கருனியின் பதிவு காட்டும்.

2. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் தட்டின் நிலையைப் பார்க்குக.
அ) மீள ஒதுக்கப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் தட்டு பழுதடைந்து வருகின்றது.
ஆ) சிஆர்சி வழு மட்டும் கூடினால் பெரும்பாலும் வடமே காரணம், அதை மாற்றிப் பார்க்குக.

3. தட்டு பழுதெனின், அதில் எழுதுவதை உடனே நிறுத்துக. கோப்பு முறைமையைப் பிணைப்பிலிருந்து நீக்கி, டிடிரெஸ்கியூ மூலம் வேறு தட்டிற்குப் பிரதி செய்க.

4. அதன் பின்னர், பிரதியின் மீது மட்டும் எஃப்எஸ்சிகே கட்டளையை இயக்குக.

கவனிக்க: ரெயிட் 1 காப்புப் பிரதி அன்று. தவறுதலாக நீக்கிய கோப்பு இரு தட்டுகளிலிருந்தும் நீங்கிவிடும்.

வினா: பழுதடைந்துவரும் தட்டில் எஃப்எஸ்சிகேயை முதலில் இயக்குவது ஏன் தவறு?

விடை: அது திருத்தங்களைத் தட்டிலேயே எழுதும். பழுதான துண்டங்களை வாசிக்க முடியாத நிலையில் அவ்வாறு திருத்தினால், மீட்கக்கூடிய தரவும் இழக்கப்படலாம்.