கை குலுக்க வைக்காதே

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆவதற்குள் ஒழுங்குக் குழுவின் பொறுப்பை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பி.டி. சார் என்றாலே அப்படித்தான். கழுத்தில் விசில் இருக்கிறது, ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறார், பையன்கள் பயப்படுவார்கள் என்று ஒரு கணக்கு. பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதையும், நீ அவர்களைப் பிரித்து, மறுநாள் பிரேயரில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கை குலுக்க வைத்ததையும் விவரமாக எழுதிவிட்டு, "பிரச்சினை முடிந்தது அத்தை" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரிதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது.

முடிந்திருக்காது, மருமகனே. நானும் இதையே செய்தவள்.

அப்போது நான் தலைமை ஆசிரியையாகி இரண்டாவது வருஷம். ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டான். பதிலுக்கு அவன் அறைந்தான். நான் இருவரையும் மேடையில் ஏற்றி, "நண்பர்களாகப் போங்கள்" என்று கை குலுக்க வைத்தேன். பள்ளிக்கூடமே கை தட்டியது. மறுவாரம் டிபன் பாக்ஸுக்குச் சொந்தக்காரன் வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் அப்பா டி.சி. கேட்டு வந்தார். வேலைக்கு வெளியூர் போகிறோம் என்றார். தலையைக் குனிந்தபடியே பேசினார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர்கள் எங்கேயும் போகவில்லை. அந்தப் பையன் பிறகு எந்தப் பள்ளியிலும் சேரவும் இல்லை. மாசக்கணக்காக அவனைத் தெருப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள். தெருப் பெயர் என்றால் நம் பக்கத்தில் சாதிதான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் என்னிடம் சொல்ல ஒரு இடம் நான் வைக்கவில்லை. தன்னை அவமானப்படுத்தியவனின் கையை ஆயிரம் பேர் முன்னால் பிடிக்க வைத்து, அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்தேன்.

ஆகவே இரண்டு வேலைகளைப் பிரித்துப் புரிந்துகொள். அடிதடியை நிறுத்துவது ஒன்று. நடந்த கெடுதலைச் சரிசெய்வது இன்னொன்று. முதலாவது பத்து நிமிஷ வேலை. இரண்டாவதுக்குப் பத்து நாளும் ஆகலாம்.

நிறுத்தும் வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் சத்துணவு ஆயா. ஒரு நாள் மதிய இடைவேளையில் பிளஸ் ஒன் பையன் ஒருவன் காம்பஸைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறான். எதிரில் நாலு பேர், சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஆசிரியர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் "போடுடா கீழே" என்று கத்துகிறார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் அவன் பிடி இறுகுகிறது. ஆயா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். அவனுக்கு நேர் எதிரே போகவில்லை. பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்றார். "ஏ ராசா, சாப்ட்டியா நீ?" என்றார், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுபோல. அவன் பதில் சொல்லவில்லை. ஆயா மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தார். அப்புறம், "இங்கன நின்னா எல்லாரும் பாப்பாவ. கொட்டாய்க்கு வாறியா, இல்ல அந்த வேப்ப மரத்துக்குப் போவமா?" என்றார். அவன் மரத்தைப் பார்த்தான். நடக்க ஆரம்பித்தான். மரத்தடிக்குப் போனதும் காம்பஸைத் தானே அவர் கையில் கொடுத்தான். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

இதையே இப்போது டீ-எஸ்கலேஷன் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். ஆயா செய்ததை எண்ணிப் பார்: குரல் தாழ்ந்திருந்தது, உடம்பு வழியை மறிக்கவில்லை, கை அவன் மேல் படவில்லை. கூட்டத்தின் கண்ணிலிருந்து அவனை வெளியே எடுத்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டதால் மானம் போகாமல் அவனால் நகர முடிந்தது. பதினாறு வயசில் மானம்தான் பெரிசு. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை எந்தப் பையனும் பின்வாங்க மாட்டான். அதனால் உன் விசிலைச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்து ஊதாதே. கூட்டத்தைக் கலைக்க ஊது. சட்டைக் காலரைப் பிடிக்காதே. "ஏன் அடிச்சே?" என்று அந்த நேரத்தில் கேட்கவே கேட்காதே, அதற்குப் பதில் சொல்லும் நிலையில் அவன் மூளை இருக்காது. தண்ணீர் கொடு, உட்கார வை, அரை மணி நேரமாவது விடு. உனக்கே கை நடுங்கினால் நீயும் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்வேன்: நீ அடித்தால், வலுத்தவன் அடிக்கலாம் என்கிற பாடத்தைத்தான் அவன் உன்னிடம் படிக்கிறான்.

இன்னொன்று. சண்டை வகுப்பில் பிறப்பது குறைவு. சைக்கிள் ஷெட், கழிப்பறைச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கடைசி மணி அடித்தபின் பஸ் ஸ்டாப். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கிற நேரத்தில் நீ அங்கே நட.

இனி இரண்டாவது வேலை. ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். முன்னமே படித்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. 1974-இல் கனடாவில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். அவர்களைச் சேதப்பட்ட வீடுகளுக்கே அழைத்துப் போய், உரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வைத்து, நஷ்டத்தைக் கட்ட வைத்தால் என்ன என்று மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரிக்குத் தோன்றியது. நீதிபதியும் ஒப்புக்கொண்டார். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் குடும்பமாகக் கூடிப் பேசும் வழக்கத்தை ஒட்டி, தப்புச் செய்த சிறுவர்களுக்காகக் குடும்பக் கூட்டம் என்பதை 1989-இல் சட்டமாகவே ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பள்ளி ஒன்றில் மார்கரெட் தார்ஸ்போர்ன் என்ற வழிகாட்டி ஆசிரியை 1994-இல் இந்த முறையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ரெஸ்டோரேட்டிவ் பிராக்டிஸ் என்கிறார்கள். உறவைச் செப்பனிடுவது என்று நான் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

நாம் வழக்கமாகக் கேட்பது, "யார் செய்தது? என்ன தண்டனை?" இதில் கேட்பது வேறு: என்ன நடந்தது, அந்த நேரம் மனசில் என்ன ஓடியது, யாருக்கு என்ன கெடுதல் வந்தது, அதைச் சரிசெய்ய நீ என்ன செய்யப் போகிறாய்? சம்பந்தப்பட்டவர்களை வட்டமாக உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வைப்பதுதான் முறை. ஆனால் அதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். இதைத்தான் அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அடிபட்டவன் மனசார உட்காரச் சம்மதிக்காவிட்டால் வட்டம் கிடையாது.

பணியின் கடைசி வருஷத்தில் ஒரே ஒரு முறை, பெயர் தெரியாமலே இதைப் போன்ற ஒன்றைச் செய்திருக்கிறேன். அரசு கொடுத்த புது சைக்கிளின் சீட்டையும் டயரையும் ஒருவன் பிளேடால் கிழித்துவிட்டான். டி.சி. கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். நான் இரண்டு அம்மாக்களையும் வரச் சொன்னேன். சைக்கிளுக்குச் சொந்தக்காரனின் அம்மா கோபப்படவே இல்லை. "அந்த சைக்கிள்லதான் டீச்சர், இவன் வீட்டுக்கு வந்ததும் அவுக அப்பா ராத்திரி மில்லு வேலைக்குப் போவாவ. நாலு நாளா நடந்து போறாவ. ராத்திரி ரெண்டு மைலு" என்றார். கிழித்தவன் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் திரும்பினான். அவன் கிழித்தது ஒரு பையனின் சைக்கிளை என்றுதான் நினைத்திருந்தான். என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்டேன். தெருமுனை சைக்கிள் கடையில் மூன்று சனிக்கிழமை வேலை பார்த்துச் சீட்டும் டயரும் வாங்கி, அவனே மாட்டிக் கொடுத்தான். அவனை வெளியே அனுப்பியிருந்தால் அந்த அப்பா நடந்ததை அவன் கடைசிவரை அறிந்திருக்க மாட்டான்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. எல்லாவற்றையும் வட்டத்தில் வைத்துப் பேச முடியாது, கூடாது. பாலியல் தொந்தரவு என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், அது போக்சோ சட்டத்தின் கீழ் வருவது. நீ விசாரிக்கக் கூடாது, சமரசம் பேசக் கூடாது, புகார் கொடுப்பது 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி உன் கடமை. 1098, 14417 என்ற இரண்டு உதவி எண்களும் உன் அறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும். அரிவாளோ கத்தியோ வெளியே வந்துவிட்டால், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதோ அடிப்பதோ நடந்தால், அதுவும் உன் பேச்சுவார்த்தைக்கு அப்பாற்பட்டது. அங்கே "ரெண்டு பேரும் விட்டுக் கொடுங்க" என்பது கட்டப் பஞ்சாயத்து. மேலே இருப்பவனுக்கு விட்டுக்கொடுக்க ஒன்றும் இராது. கீழே தள்ளப்பட்டவன்தான் மறுபடியும் விட்டுக்கொடுப்பான்.

நாங்குநேரியை நினைத்துப் பார். 2023 ஆகஸ்டில் நடந்தது. பிளஸ் டூ படித்த ஒரு பையன் சக மாணவர்களின் சாதித் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்ட பிறகு நடந்ததைச் சொன்னான். சொன்னதற்காக வீடு தேடி வந்து இரவில் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அந்தப் பையன் பிழைத்து, மறுவருஷம் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 வாங்கினான். அதைப் படித்தபோது நான் அழுதேன். ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது இது: ஒரு பிள்ளை புகார் சொன்ன நேரத்திலிருந்துதான் அவனுக்கு ஆபத்து கூடுகிறது. அன்று சாயங்காலம் அவன் எப்படி வீட்டுக்குப் போவான், யார் கூடப் போவார்கள், ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள், எதிர்த் தரப்பின் பெற்றோரிடம் யார் பேசினார்கள், ஊர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் போனதா என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் நீ வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கூடாது, பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தேடி எடுத்துப் படி. கயிற்றை அறுப்பதற்கு மட்டும் நீ ஓடாதே. அந்தக் கயிற்றைக் கட்டிவிட்ட கை வீட்டிலும் ஊரிலும் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமிலும் இருக்கலாம். உன் கையிலும் பார்த்துக்கொள். நம் வீட்டில் என்ன பேசி வளர்ந்தோம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் கபடி அணியில் முதல் ஏழு பேர் எந்தெந்தத் தெரு என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பார்.

உறவைச் செப்பனிடும் அந்த வட்ட முறை மந்திரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 44 பள்ளிகளை எடுத்து இரண்டு வருஷம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. பள்ளியை விட்டு நிறுத்திவைப்பது குறைந்தது. பள்ளியின் சூழல் மேம்பட்டது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் படிப்பு முன்னேறவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை மதிப்பெண் குறையவும் செய்தது. ஆகவே, நாலு நாள் பயிற்சியில் கேட்டதை வைத்து எல்லாம் மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரு வட்டத்துக்கு நீ செலவிடும் நேரம் வேறு ஒரு வேலையிலிருந்து எடுக்கப்படுகிறது. தலைமை ஆசிரியரிடம் அதற்கென்று வாரத்தில் இரண்டு பீரியட் கேட்டு வாங்கு. தனியாகச் சுமக்காதே, உன் சத்துணவு ஆயாவிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் பேசு. பிள்ளைகளின் முகம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

உன் பள்ளியில் கை குலுக்கிய அந்த இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, மேடையில் நிறுத்தியதற்கு நீ முதலில் வருத்தம் சொல். அப்புறம் கேள். திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்து, மூன்று நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போ. போய்விட்டு வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை