வீட்டுக் கொல்லையில் விதை மூலம் கனகாம்பரம்

விதைக் கடைகளில் வண்ணப் படம் போட்ட பொட்டலங்களில் ‘பர்கெட் மீ நாட்’ என்னும் சிறு நீலப்பூவின் விதை கிடைக்கிறது. அது குளிர்நாட்டுச் செடி. உதகை போன்ற இடங்களுக்கு ஒத்துவரும். பொட்டிபுரம், தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய மலையடிவாரப் பகுதிகளின் வெயிலில் முளைத்தாலும் நிலைக்காது. அந்தக் கவனிப்பைக் கனகாம்பரத்துக்குச் செலுத்தினால் வீட்டுக்கும் பூ ஆகும். மிஞ்சியதைச் சந்தைக்கும் அனுப்பலாம்.

கனகாம்பரம் வைப்போர் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டு நாற்றைப் பிடுங்கி வந்து நடுகின்றனர். ஓராண்டு பூக்கும், பிறகு இலை வெளுத்து, செடி குன்றி, ஒவ்வொன்றாய் வாடும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுவார்கள். செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் உண்மை தெரியும். கறுத்த புண்களோ சிறு முடிச்சுகளோ இருந்தால் அது நூற்புழுவின் வேலை. இப்புழு நாற்றின் வேரோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் வந்து சேர்கிறது. ஆகவே நல்ல செடியிலிருந்து விதை எடுத்து, சுத்தமான மண்ணில் சொந்தமாக நாற்று விடுவதே பாதுகாப்பான வழி.

விதை எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கனகாம்பரக் காய் முற்றிக் காய்ந்தபின் ஈரம் பட்டால் ‘பட்’டென வெடித்து விதை சிதறும். சிறுவர்கள் தண்ணீரில் போட்டு விளையாடும் பட்டாசுக்காயும் இதே குடும்பம்தான். எனவே, விதைக்கென ஒதுக்கிய கதிர்களில் பூப்பறிக்காமல் விட்டு, அடிக்காய்கள் பழுப்பானவுடன் மழைக்கு முன் கதிரோடு வெட்டித் துணிப்பையில் கட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு காயில் நான்கு விதை வரை இருக்கும். பழைய விதையின் முளைப்பு குறையும். அந்த ஆண்டு விதையையே பயன்படுத்துதல் நலம்.

டெல்லி கனகாம்பரத்துக்கு இம்முறை பொருந்தாது. மும்மய இனமாகிய அதில் விதை பிடிப்பதில்லை. வேர்விட்ட குச்சியாலேயே பெருக்க முடியும். ‘டெல்லி கனகாம்பர விதை’ என்று யாரேனும் விற்றால் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

ஆனி மாதத்தில் விதைப்பது இப்பகுதிக்கு ஏற்றது. கத்தரி, தக்காளி நின்ற இடத்தை நாற்றங்காலுக்குத் தவிர்க்கவும். நூற்புழு அவற்றிலும் தங்கும். மேட்டுப்பாத்தியில் மக்கிய தொழுவுரமும் மணலும் கலந்து, ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி தூளில் புரட்டிய விதையை வரிசையாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் விட வேண்டும். முளைப்பு சீராக இராது. மூன்று வாரம்கூட ஆகும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொத்திவிடுவோர் அநேகர். பொறுக்க வேண்டும். கம்பம் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பிஞ்சு நாற்றை உலர்த்திவிடும். மேற்கே ஓலைத்தட்டி கட்டுவது அவசியம். நீர் தேங்கினால் நாற்றழுகும்.

அறுபது நாள் வயதான நாற்றைப் புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்பாக, இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் நடலாம். பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு ஐம்பது செடி கொள்ளும். நூறு விதையாவது விதைத்தால்தான் தேறிய நாற்றாகப் பொறுக்கி நட முடியும். குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு இடவும். தென்னை, முருங்கையின் அரைநிழல் கனகாம்பரத்துக்குக் கெடுதல் இல்லை.

நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் பறிக்க வேண்டும். ஏலத்தோட்ட வேலைக்கு இருட்டிலேயே ஜீப் ஏறும் வீடுகளில் இது பெரும்பாலும் பாட்டிமார் பொறுப்பாகிவிடும். குனிய வேண்டிய வேலை, ஆனால் கனமில்லாதது. மணம் இல்லாவிட்டாலும் நிறம் சட்டென மங்காததால், சீலையம்பட்டி போன்ற பூச்சந்தைகளுக்குப் போய்ச் சேரும்வரை தாங்கும்.

இடையில் ஒரு செடி வாடினால் வேர்மண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். அதே குழியில் மறுபடி கனகாம்பரம் நடாமல், செண்டுமல்லி வைக்கலாம். அதன் வேர் நூற்புழுவை ஓரளவு கட்டுப்படுத்தும்.