சூரியன்மேல் போட்ட பழி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்தேன். இன்று இரவு 12.30 மணி முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்கிக் கடக்கப் போகின்றனவாம், செல்போனை அணைத்துத் தள்ளி வைக்க வேண்டுமாம், நாசாவே சொல்லிவிட்டதாம். உன் தோழிகளில் சிலர் போனை அணைத்துவிட்டார்கள், நான் என்ன செய்வது பெரியப்பா என்று கேட்டிருக்கிறாய்.

அணைக்க வேண்டாம். இதே செய்தி பத்தாண்டுகளுக்கும் மேலாக நாடு நாடாக, மொழி மொழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் தேதி இல்லை, கவனித்தாயா? ‘இன்று இரவு’ என்று மட்டும்தான் இருக்கும். எந்த நாளில் யார் கைக்கு வந்தாலும் அவருக்கு அது இன்றிரவுதான். காஸ்மிக் கதிர்கள் ஒரு ராத்திரி வந்து போகிற விருந்தாளி அல்ல. நொடிதோறும் நம்மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. காற்று மெலிந்த உயரங்களில் இன்னும் சற்றுக் கூடுதலாக விழும். அதனால் வத்தலக்குண்டில் இருக்கும் உன்னைவிடக் கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம், போன் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் வானத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும், மனிதர் செய்த தவற்றை வானத்தின் கணக்கில் எழுதுவதும் நேற்று வந்த பழக்கம் அல்ல. படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், பெரிய விஞ்ஞானிகள்கூட அதைச் செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு கதையின் மிச்சம்தான், நீ பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்த கொடைக்கானல் அப்சர்வேட்டரி. அந்தக் கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பாய். 1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. மழை இல்லாதது உண்மை. ஆனால் அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877 ஜனவரி 1ஆம் தேதி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைசிராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, நிவாரணத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டுகிற மனிதனுக்கு அது காணாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

அதே 1877இல், இந்தியாவின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் ஹண்டர் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை அவை பெருகிக் குறையும். 1813 முதல் சென்னையில் பதிவான மழைக் கணக்கை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார் ஹண்டர். புள்ளி குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சமும் வருகிறது என்றார். நார்மன் லாக்யர் அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். லாக்யர் சாதாரண ஆள் இல்லை. சூரிய ஒளியை ஆராய்ந்து ஹீலியம் என்ற தனிமம் உண்டு என்று சொன்னவர், ‘நேச்சர்’ இதழைத் தொடங்கியவர். அப்படிப்பட்டவர் பெயர் கீழே இருந்தால் யார் மறுப்பார்கள்?

மறுக்க இடம் இருந்தது, கயல். முதல் விஷயம், சென்னைக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்று. இந்தியாவின் பெரும்பகுதி நம்பியிருப்பது ஆனி, ஆடியில் வரும் தென்மேற்கு. ஒரு நகரத்தின் மழைக்கணக்கு தேசத்தின் பஞ்சத்தைச் சொல்லாது. அடுத்தது எண்ணிக்கை. 1813 முதல் 1876 வரை 64 ஆண்டுகள். 11 ஆண்டுச் சுற்றாகப் பிரித்தால் ஆறு சுற்றுகூட முழுதாகத் தேறாது. ஒரு காசை ஆறு முறை சுண்டி ஆறிலும் தலை விழுவது அபூர்வம்தான். 64இல் ஒரு வாய்ப்பு. ஆனால் நூறு பேர் சுண்டினால் ஓரிருவருக்கு அப்படி விழும். அன்றைக்கு நூறு பேர் சுண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் மழையோடு பொருத்தினார், ஒருவர் கோதுமை விலையோடு. ஜெவன்ஸ் என்ற பெயர்பெற்ற பொருளியல் அறிஞர் இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளையே சூரியப் புள்ளிகளோடு முடிச்சுப்போட்டார். புள்ளிச் சுற்றின் நீளம் 11 அல்ல, அதற்கும் குறைவு என்று புதிய கணக்கு வந்ததும், தன் நெருக்கடிகளின் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். தராசு மாறும்போதெல்லாம் எடையும் கூடவே மாறினால் அங்கே அளவை நடக்கவில்லை என்று அர்த்தம்.

ஹண்டரையோ லாக்யரையோ நான் பொய்யர் என்று சொல்லவில்லை. பஞ்சம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் உயிர்களைக் காப்பாற்றலாம் என்று நம்பினார்கள். ஆனால் அவர்களுடைய கொள்கை ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு வசதியாக அமைந்தது பார். பஞ்சத்துக்குக் காரணம் சூரியன் என்றால், அந்த 450 கிராமைப் பற்றி யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? துறைமுகத்தில் ஏறிய மூட்டைகளை யார் எண்ணப் போகிறார்கள்? ஒரு விளக்கத்தைக் கேட்டால் அது உண்மையா என்று பார்ப்பதோடு, அதனால் யார் பதில் சொல்லாமல் தப்பிக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் கோபம் வரும் இடம் இதுதான்.

இனிதான் நல்ல பகுதி. சூரியனுக்கும் மழைக்கும் உறவு உண்டா என்று தெரிய வேண்டுமானால் சூரியனைத் தினமும் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1893இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு, தூசு இல்லாத உயரமான இடம் என்று கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் வேலைகளும் கருவிகளும் மலையேறின. 1899இல் மிச்சி ஸ்மித் தலைமையில் ஆய்வகம் பிறந்தது. 1901இல் அவதானிப்பு தொடங்கியது. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். 1909இல் அங்கே ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிக்குள் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

மழையின் கதை என்ன ஆயிற்று? 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். சூரியப் புள்ளிக் கணக்கையும் மழைக் கணக்கையும் விருப்பு வெறுப்பில்லாமல் எண்களாக வைத்துப் பார்த்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல உதவும் அளவுக்கு அவற்றுக்கிடையே உறவு இல்லை என்று முடிவாயிற்று. அவர் அதோடு நிற்காமல் உலகின் பல ஊர்களின் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது என்று கண்டார். நம் பருவமழை பொய்ப்பதற்கான பெரிய காரணம் அங்கே இருந்தது. பசிபிக் கடல்நீர் சூடேறுவதை இன்று செய்திகளில் எல் நினோ என்று கேட்கிறாயே, அதன் மறுபாதி இது. 1877இல் பசிபிக்கில் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது. அந்த ஆண்டு மழை பொய்த்ததற்கு அது பெரிய காரணம். மக்கள் செத்ததற்கு அது மட்டும் காரணம் அல்ல.

கொடைக்கானல் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை, ஒரு புள்ளிகூட இல்லாத வெறும் வட்டங்கள். ஒன்றும் நடக்காத நாளையும் ஒருவர் குளிரில் நின்று பதிவு செய்திருக்கிறார். புரளியிடம் இல்லாதது இந்தப் பதிவுதான். பலித்த நாளை மட்டும் புரளி நினைவில் வைத்திருக்கும்.

வானத்தின்மேல் பழி போடுவது நம் நாளிலும் நிற்கவில்லை. 2019 டிசம்பர் 26ஆம் தேதி வந்த கங்கண சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாக அதன் பாதை போனது. அந்தக் கிரகணத்தால்தான் கொரோனா உண்டானது, 2020 ஜூன் 21ஆம் தேதி வரும் அடுத்த கிரகணத்தோடு அது மறையலாம் என்று சென்னையில் ஒருவர் சொன்னதைப் பத்திரிகைகள் விஞ்ஞானியின் கருத்து என்றே வெளியிட்டன. தேதிகளை வரிசையாக எழுதிப் பார். வூஹானில் முதல் நோயாளிகள் டிசம்பர் தொடக்கத்திலேயே படுத்துவிட்டார்கள். கிரகணம் மாதக் கடைசியில். காரணம் பின்னால் வந்து விளைவு முன்னால் வருமா? 2010 ஜனவரி 15இல் கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் இதே போன்ற கங்கண கிரகணம் தெரிந்தது. அதன் பின்னால் கொரோனா போல உலகம் முழுக்கப் பரவிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. ஜூன் 21க்குப் பிறகு கொரோனா குறைந்ததா என்று உனக்கே தெரியும்.

கிரகணத்தன்று அப்பத்தா தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது நிற்பது நிஜம். அவரைக் கேலி செய்யாதே, சண்டையும் போடாதே. அன்றைக்குச் சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் இருந்து இழுப்பதால் நிற்கிறது என்பார்கள். ஒவ்வோர் அமாவாசைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கின்றன. கிரகணத்தில் கூடுதலாக விழுவது நிழல் மட்டும். உலக்கையின் அடிப் பூண் தட்டையாக இருப்பதும், நிறுத்துகிறவரின் கைப்பொறுமையும்தான் விஷயம். மற்ற நாட்களில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அதனால் மற்ற நாட்களில் நிற்காது என்று நினைக்கிறார்கள்.

இந்த வாரம் கிரகணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவையே கூப்பிட்டு, அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்தச் சொல். அவர் கைக்கு நிற்கும். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் செய்யுங்கள். நின்றதையும் எழுது, விழுந்ததையும் எழுது. எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா