மார்க்குக்கு ஏற்ற குரூப்பா?

கேள்வி: பத்தாம் வகுப்பில் 438 வாங்கிய என் மகள், பிளஸ் ஒன்னில் காமர்ஸ் கேட்கிறாள். 'இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப்தான்' என்கிறது பள்ளி. அவர்கள் முடிவு செய்யலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சொல்லலாம், முடிவு செய்யக்கூடாது. மார்க் அதிகமென்றால் அறிவியல், குறைந்தால் காமர்ஸ், அதற்கும் கீழே தொழிற்கல்வி என்று தராசு பிடிப்பது வழிகாட்டுதல் அல்ல. வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனருக்கு டாக்டர், இன்ஜினீயர் படம் தேவைப்படுகிறதோ என்னவோ!

பள்ளி விளக்க வேண்டியது வேறு. காமர்ஸ் எடுத்தால் பொறியியல் கலந்தாய்வும் நீட்டும் கிடையாது. சி.ஏ. ஃபவுண்டேஷன், ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு இரண்டுக்கும் எந்த குரூப்பும் தடையில்லை. ஃபர்ஸ்ட் குரூப் படித்தவரும் பி.காம். சேரலாம். இதை உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதற்கும் முன், பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை ஒரு வாரம் அவள் கையில் கொடுங்கள். பேரேட்டில் பற்றும் வரவும் பதிய அலுப்புத் தட்டவில்லையா? அப்படியானால் விண்ணப்பத்தில் குரூப் கட்டத்தைப் பள்ளி அலுவலகம் பென்சிலால் நிரப்பித் தர விடாதீர்கள். அவளே பேனாவால் எழுதட்டும்.