அன்றாடக் கணினிக்கு ஏற்ற லினக்ஸ் எது?

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் இயற்றிய கருவைக் கொண்டு, பலர் தத்தம் நோக்கிற்கேற்ப மென்பொருள்களைத் தொகுத்தளிப்பன லினக்ஸ் வழங்கல்கள் எனப்படும். அவை மிகப் பலவாதலின் புதியோர் மயங்குவர். யாமும் மயங்கினோம்.

எம் தமக்கையார்க்கு 2012ஆம் ஆண்டில் அரசினர் விலையின்றி அளித்த மடிக்கணினியொன்று மயிலையில் எமது இல்லத்தில் உளது. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. அதிலிருந்த விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுபோயின. புதிய கணினி கொள்ளப் பொருளில்லை. இவ்வாண்டு யாம் எழுதவேண்டிய ஆய்வுரையோ பெரிது. ஆதலின் இவ்வாராய்ச்சி எமக்குப் பொழுதுபோக்காக அமைந்ததன்று.

இந்நகரத்தார்க்கு லினக்ஸ் புதிதன்று. நந்தனத்தில் அலுவலகங் கொண்டிருந்த எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவில் சூசீ லினக்ஸைக் கைக்கொண்டது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டனர். தமக்கையாரின் பொறியில் விண்டோஸுடன் அதுவும் அமைந்திருந்தது. ஆயினும் அதனை ஒரு நாளேனும் திறந்ததில்லை என்று அவர் நகைத்துக் கூறினார். கொடுத்தவர் பலர், கற்பித்தவர் சிலர் போலும்!

வழங்கலைத் தேர்வோர் முதற்கண் நோக்கவேண்டுவது அதன் ஆயுள். பெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறக்குறைய 13 மாதங்களே பேணப்படும். புதுமை வேண்டுவோர்க்கு அது நன்று. உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்பு ஈராண்டுக்கொருமுறை தோன்றி ஐந்தாண்டு பேணப்படும். எனினும் அதன் வழக்கமான முகப்பிற்கு 4 ஜி.பி. நினைவகமேனும் வேண்டும். உபுண்டுவினின்று கிளைத்த மின்ட், விண்டோஸிற் பழகியோர்க்கு மிக எளிது. எம் பொறிக்கு யாம் தெரிந்துகொண்டது டெபியன். முகப்பு, சிறிதளவு நினைவகத்தில் இயங்கும் எக்ஸ்.எப்.சி.ஈ.

முதல் முயற்சியில் இடர்ப்பட்டோம். நண்பரொருவர் தந்த பழைய பதிப்பில் வைபை இயங்கவில்லை. அக்கருவிக்குரிய தனியுரிமை மென்பொருளை அப்பதிப்பு உடன்கொண்டிராமையே காரணம். 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் அவை நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே, நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவற்றைச் சோதித்தல் இன்றியமையாதது. வன்தட்டிலுள்ளவற்றை வேறிடத்திற் படியெடுத்து வைத்தலும் அன்னதே.

தமிழ் மாணவராகிய எமக்கு விசைப்பலகை உயிர்நிலை. ஐபஸ், எம்17என் என்னும் தொகுப்புகளைச் சேர்த்தவுடன் தமிழ்99 முறையில் தட்டெழுத இயன்றது. லிபர் ஆபீசில் கட்டுரையின் முதல் இயலை முடித்துள்ளோம். ரிச்சி தெருவில் பழைய 2 ஜி.பி. நினைவகத் தகடொன்றை வாங்கிச் சேர்த்தபின் பொறி சற்று விரைந்தது. எனினும் உலாவியில் பல பக்கங்களைத் திறப்பின் இன்றும் தளர்கின்றது. இரண்டு மூன்றோடு அமைகின்றோம்.