சாப்பாடு கொடுத்தாச்சு, அப்புறம்?

இந்த மாதப் பாடம், வீடில்லாமல் கடைவீதியில் படுத்திருப்பவர்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்பது.

அன்னதானம் நமக்குப் புதுசு இல்லை. 1867இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். இன்றும் அங்கே தினமும் சோறு போடுகிறார்கள். அதில் கவனிக்க வேண்டிய வார்த்தை ‘தினமும்’. நாம் தீபாவளிக்கு ஒரு நாள் பொட்டலம் கொடுத்து, படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். மறுநாள்?

நம் கெடாவில் இந்த நிலைமைக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. தோட்டத்தில் லயன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்யணும். ரப்பர் போய் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் கைமாறின. சொந்த வீடு வாங்க முடியாதவர்கள் டவுனுக்கு வந்தார்கள். அதில் சிலருக்கு வாடகை கட்டவும் வழியில்லை.

போன வருஷம் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடை அஞ்சடியில் ஓர் ஐயாவிடம் பொட்டலத்தை நீட்டினோம். பல வருஷம் பால்மரம் வெட்டினவர். “தம்பி, ரெண்டு பொட்டலம் ஏற்கெனவே இருக்குப்பா. ஐசி தொலஞ்சு போச்சு. ஆபீசுக்கு யாராச்சும் கூட வருவீங்களா?” என்று கேட்டார். தனியாகப் போக அவருக்குக் கூச்சம். உடுப்பு சரியில்லை, மலாய் பாரம் எழுதத் தெரியாது. இரண்டு பேர் ஒரு காலை நேரம் கூடப் போனோம், அவ்வளவுதான். அந்தக் கார்டு கைக்கு வந்த பிறகுதான் சமூக நல இலாகாவில் உதவிக்கு மனு போட முடிந்தது.

நான் பொறியியல் படிக்கிறேன். கூரை ஒழுகினால் வாளி வைப்போம். ஆனால் ஓட்டை எங்கே என்று பார்க்காவிட்டால் வாளி நிரம்பிக்கொண்டே இருக்கும். சாப்பாடு வாளி மாதிரி. அது வேண்டும், ஆனால் அது போதாது.

நாம் செய்யக்கூடியவை:

1. உட்கார்ந்து பேசுங்கள். நின்றுகொண்டே நீட்டாதீர்கள். ஐயா, அம்மா, அண்ணே என்று கூப்பிட்டு, “என்ன வேணும்?” என்று முதலில் கேளுங்கள். படம் வேண்டாம்.

2. ஒரே கிழமையில் போங்கள். மற்ற குழுக்களோடு பேசி நாளைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாள் பத்துப் பொட்டலம், மறுநாள் பட்டினி என்று ஆகாது. சோப்பு, துண்டு, கைலி, சிலிப்பர் இதெல்லாமும் தேவைப்படும்.

3. ஐசி இருக்கா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூடவே போங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கான 1 வெள்ளிக் கட்டணத்துக்கும் அதுதான் அத்தாட்சி.

4. 15999, தாலியான் காசே. எந்த நேரமும் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. ஆனால் 15999க்கு அழைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆதரவற்றோர் சட்டம் 1977இன்படி அதிகாரிகள் அவரை அழைத்துப் போகலாம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் நல இல்லத்தில் மூன்று வருஷம் வரை இருக்க வேண்டி வரலாம். அவருக்குத் தெரியாமல் செய்வது உதவி ஆகாது.

5. தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். பெரியவர் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வகுப்பில் பேச: உங்கள் டவுனில் இரவில் எங்கே யார் படுத்திருக்கிறார்கள்? அவர்களில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்றால், இந்த வார வேலை அதுதான். ஒரு பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.