நிலைகாட்டி எந்தச் சாளரத்தில் உள்ளது?

மாணவர்களே, விசுவல் பேசிக் டொட்நெற்றில் ஒரு படிவத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘பெயர்’, ‘பாடசாலை’ என இரு உரைப்பெட்டிகள். அவற்றின் கீழே அ, ஆ, இ, ஈ எனத் தமிழ் எழுத்துகளுக்குரிய பொத்தான்கள். தமிழ்ச் சாவிப்பலகை தெரியாத ஒருவர் சுட்டியால் எழுத்தை அழுத்த, அவ்வெழுத்து உரைப்பெட்டியில் விழ வேண்டும். செயற்றிட்டத்துக்கு நல்ல தலைப்பு. ஆனால் இதைச் செய்யத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வர். எழுத்து எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும்? பயனருக்குத் தெரியும், நிலைகாட்டி அங்கே மின்னிக்கொண்டிருக்கிறது. செய்நிரலுக்கு அது எவ்வாறு தெரியும்?

முதலில் மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரையில் சுட்டியுடன் நகரும் அம்புக்குறி வேறு. எழுத்து அடுத்து எங்கே விழும் எனக் காட்டும் மின்னும் கோடு வேறு. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘கேர்சர்’ என்று சொல்லிவிடுவதாலேயே குழப்பம் வருகிறது. விண்டோஸ் செய்நிரலாக்கத்தில் அம்புக்குறிக்கே கேர்சர் என்று பெயர். மின்னும் கோட்டின் பெயர் ‘கெயரெற்’. இப்பாடத்தில் நிலைகாட்டி என்பது கெயரெற்றை மட்டுமே குறிக்கும்.

அடுத்தது சாளரம். தலைப்புப் பட்டையுடன் திறக்கும் பெரிய பெட்டி மட்டுமே சாளரம் என நாம் எண்ணுகிறோம். விண்டோஸ் பணிசெயல் முறைமைக்கோ படிவத்தின் உள்ளே இருக்கும் உரைப்பெட்டியும் ஒரு சாளரம், பொத்தானும் ஒரு சாளரம். ஒவ்வொன்றுக்கும் ‘ஹான்டில்’ எனப்படும் அடையாள எண் உண்டு. ஆகவே “எந்தச் சாளரத்தில்?” என்று கேட்டால் “வேர்ட்டில்” என்பது அரை விடைதான். அதன் உள்ளே எந்தப் பெட்டியில் என்பதும் தெரிய வேண்டும்.

மூன்றாவது குவியம். ஒளியியலில் வில்லைக்குப் படித்த அதே சொல். சாவிப்பலகையில் அழுத்தும் சாவி எந்தச் சாளரத்துக்குச் சென்று சேருமோ அச்சாளரத்திடம் குவியம் உள்ளது என்போம். நிலைகாட்டி குவியத்தைப் பின்தொடர்கிறது. குவியம் நிலைகாட்டியைப் பின்தொடர்வதில்லை. உரைப்பெட்டி குவியத்தைப் பெறும்போது நிலைகாட்டியை ஆக்குகிறது, இழக்கும்போது அழித்துவிடுகிறது. பொத்தானிலும் குவியம் இருக்கலாம். ஆனால் அங்கே எழுத இடமில்லை, ஆதலால் நிலைகாட்டி தோன்றாது. கோடு மறைந்து மறைந்து தோன்றுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இயல்பான அமைப்பில் 530 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அது தோன்றியும் மறைந்தும் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அரைச் செக்கனிலும் அது அங்கேயேதான் உள்ளது.

இனி நமது படிவத்துக்கு வருவோம். படிவத்துக்கு ‘அக்ரிவ் கொன்ட்ரோல்’ என்றொரு இயல்பு உண்டு. படிவத்தில் இப்போது செயலில் உள்ள கட்டுப்பாடு எது என்பதை அது தரும். மாணவர் ஒருவர் ‘அ’ பொத்தானின் கிளிக் நிகழ்வில், அக்ரிவ் கொன்ட்ரோல் எதுவோ அதில் ‘அ’ வைச் சேர்க்குமாறு எழுதுகிறார். இயக்கிப் பார்த்தால் உரைப்பெட்டியில் ஒன்றும் விழவில்லை. மாறாக, பொத்தானின் மேல் எழுதியிருந்த ‘அ’ என்பது ‘அஅ’ என மாறிவிடுகிறது!

ஏன்? பொத்தானைச் சுட்டியால் அழுத்திய கணத்திலேயே குவியம் உரைப்பெட்டியை விட்டுப் பொத்தானுக்கு வந்துவிட்டது. கிளிக் நிகழ்வு அதன் பின்னரே நடக்கிறது. செய்நிரல் பொய் சொல்லவில்லை. குவியம் இப்போது பொத்தானிடம் இருக்கிறது என்ற சரியான விடையையே தந்தது. குவியம் எங்கே என்று கேட்பதற்காக நாம் செய்த செயலே குவியத்தை இடம் மாற்றிவிட்டது. இந்த ஒரு விடயம் விளங்கினால் இப்பாடத்தில் பாதி முடிந்தது.

கேட்க வேண்டிய நேரத்தை முன்னே நகர்த்துவதுதான் தீர்வு. உரைப்பெட்டி குவியத்தைப் பெறும்போது ‘என்ரர்’ என்ற நிகழ்வு நடக்கும். அப்போதே அதனை ஒரு மாறியில் குறித்துவைத்துவிட வேண்டும். போலிக்குறிமுறை வருமாறு:

கடைசிப்பெட்டி ← வெறுமை

உரைப்பெட்டி ஒன்று குவியம் பெறும்போது:
கடைசிப்பெட்டி ← அவ்வுரைப்பெட்டி

எழுத்துப் பொத்தான் அழுத்தப்படும்போது:
கடைசிப்பெட்டி வெறுமை இல்லை எனின்
இடம் ← கடைசிப்பெட்டியில் நிலைகாட்டியின் இடம்
இடத்தில் எழுத்தைச் செருகு
கடைசிப்பெட்டிக்குக் குவியத்தைத் திருப்பிக் கொடு
நிலைகாட்டியின் இடம் ← இடம் + எழுத்தின் நீளம்
நிபந்தனை முடிவு

‘வெறுமை இல்லை எனின்’ என்ற சோதனையைச் சிலர் தேவையற்றது என விட்டுவிடுவர். படிவம் திறந்ததும் தாவல் வரிசையில் முதலாவதாக உள்ள கட்டுப்பாட்டுக்கே குவியம் செல்லும். அது ஒரு பொத்தானாக இருந்து, பயனர் எந்தப் பெட்டியையும் தொடாமல் ‘அ’ வை அழுத்தினால், மாறி வெறுமையாகவே இருக்கும். செய்நிரல் வழுவுடன் நின்றுவிடும்.

நிலைகாட்டியின் இடத்தை உரைப்பெட்டியின் ‘செலெக்சன் ஸ்ராற்’ இயல்பு தரும். எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்கும். கடைசி வரியில் +1 என எழுதாமல் எழுத்தின் நீளம் என எழுதியமைக்குக் காரணம் தமிழ்தான். யுனிகோட்டில் ‘அ’ ஒரு குறி. ‘கா’ இரண்டு குறிகள்: க, அதன்மேல் கால். ‘க்’ கூட இரண்டு: க, அதன்மேல் புள்ளி. +1 போட்டால் நிலைகாட்டி கவுக்கும் காலுக்கும் நடுவில் போய் நிற்கும். அடுத்த எழுத்து அங்கே புகுந்து சொல்லைக் கெடுக்கும். ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துப் பரீட்சித்தவருக்கு இவ்வழு கண்ணிலேயே படாது.

குவியத்தைப் பெறாத பொத்தான்களைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. கருவிப்பட்டையில் வைக்கும் பொத்தான்கள் அழுத்தும்போது குவியத்தை எடுப்பதில்லை. வேர்ட்டில் தடித்த எழுத்துக்குரிய பொத்தானை அழுத்திய பின்னரும் நிலைகாட்டி ஆவணத்திலேயே மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள்.

‘அக்ரிவ் கொன்ட்ரோல்’, ‘போகஸ்ட்’ ஆகிய இரு இயல்புகளையும் ஒன்றென எண்ணுவது இன்னொரு பொதுவான பிழை. பயனர் உங்கள் படிவத்தை விட்டு வேறொரு செய்நிரலுக்குச் சென்றாலும், அக்ரிவ் கொன்ட்ரோல் கடைசியாகச் செயலில் இருந்த பெட்டியை நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும். போகஸ்ட் அவ்வாறன்று. சாவிப்பலகை இக்கணத்தில் உண்மையாகவே அப்பெட்டியிடம் இருந்தால் மட்டுமே அது ‘உண்மை’ எனத் தரும். மற்றைய வேளைகளில் ‘பொய்’.

இதுவரை நமது படிவத்துக்குள் மட்டுமே தேடினோம். நோட்பாட், வேர்ட் போன்ற பிறருடைய செய்நிரலில் நிலைகாட்டி இருந்தால் என்ன செய்வது? விண்டோஸில் ‘கெற் போகஸ்’ என்ற சார்பு உண்டு. பெயரைப் பார்த்து அதைத்தான் எல்லோரும் முதலில் அழைப்பர். விடையாகச் சுழியம் வரும். காரணம், விண்டோஸில் சாளரங்களை நடத்தும் ஒவ்வொரு இழைக்கும் தனித்தனிச் செய்தி வரிசை இருக்கிறது. கெற் போகஸ் தன்னை அழைத்த இழையின் வரிசையை மட்டுமே பார்க்கும். நம் வீட்டு அலுமாரியில் அயல்வீட்டாரின் புத்தகத்தைத் தேடுவது போன்றது அது.

சரியான வழி மூன்று சார்புகளால் ஆனது. ‘கெற் போர்கிரவுண்ட் விண்டோ’ முன்னணியில் உள்ள பெரிய சாளரத்தின் அடையாள எண்ணைத் தரும். அவ்வெண்ணை ‘கெற் விண்டோ திரெட் புரோசஸ் ஐடி’ க்குக் கொடுத்தால் அதனை நடத்தும் இழையின் எண் கிடைக்கும். அவ்விழை எண்ணுடன் ‘கெற் ஜியுஐ திரெட் இன்போ’ வை அழைத்தால் ஒரு பதிவு நிரப்பித் தரப்படும். குவியமுள்ள சாளரம், நிலைகாட்டியுள்ள சாளரம், நிலைகாட்டி இருக்கும் செவ்வகம் ஆகிய மூன்றும் அதில் உண்டு. அழைப்பதற்கு முன் பதிவின் அளவை அதன் முதற் புலத்தில் எழுதிவைக்க வேண்டும். மறந்தால் சார்பு தோல்வியடையும். நானும் இதை மறந்து ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.

கிடைக்கும் செவ்வகம் திரையின் மூலையிலிருந்து அளக்கப்பட்டதன்று. நிலைகாட்டியுள்ள சாளரத்தின் உட்பரப்பின் மேல் இடது மூலையிலிருந்து அளக்கப்பட்டது. உட்பரப்பு திரையில் (300, 200) இல் தொடங்குகிறது, நிலைகாட்டி அதனுள் (45, 3) இல் உள்ளது எனின், திரையில் அதன் இடம் (345, 203). கணிதப் பாடத்தில் மேல்நோக்கி அதிகரிக்கும் வை ஆள்கூறு இங்கே கீழ்நோக்கி அதிகரிக்கும் என்பதைக் கவனிக்க. ‘கிளையன்ட் டு ஸ்கிரீன்’ என்ற சார்பு இக்கூட்டலைச் செய்து தரும்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. குரோம் போன்ற உலாவிகள் பக்கத்தில் உள்ள பெட்டிகளைத் தனித்தனிச் சாளரங்களாக ஆக்குவதில்லை. எல்லாவற்றையும் தாமே வரைந்துகொள்கின்றன. விண்டோஸின் நிலைகாட்டியைப் பயன்படுத்தாமல் சொந்தக் கோட்டை வரையும் செய்நிரலில் நிலைகாட்டிச் சாளரத்துக்குச் சுழியமே கிடைக்கும். அங்கே அணுகல் வசதிக்கென அமைந்த ‘யுஐ ஓட்டோமேசன்’ இடைமுகத்தையே நாட வேண்டும்.

இதெல்லாம் யாருக்குத் தேவை எனக் கேட்கலாம். பார்வையற்ற ஒருவர் கணினியில் எழுதும்போது மின்னும் கோட்டை அவர் பார்க்க முடியாது. அவுஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கல் கரன் 2006 இல் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான், குவியம் மாறும் ஒவ்வொரு முறையும் புதிய இடத்தைக் குரலில் சொல்கிறது. குவியம் எங்கே என்பதை அது தவறாக அறிந்தால், கடவுச்சொல் பெட்டி என நம்பி அவர் தம் கடவுச்சொல்லை எல்லோரும் பார்க்கக்கூடிய பெட்டியில் எழுதிவிடுவார்.

மாதிரி வினா

ஒரு மாணவி தன் படிவத்தில் ‘எங்கே?’ என்ற பொத்தானை வைத்து, அதனை அழுத்தும்போது முன்னணிச் சாளரத்தின் தலைப்பைக் காட்டுமாறு செய்நிரல் எழுதினாள். நோட்பாட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது இடையில் அப்பொத்தானை அழுத்தினாள்.
(அ) வருவிளைவு யாது? காரணம் தருக.
(ஆ) நோட்பாட்டின் தலைப்பையே காட்டச் செய்நிரலை எவ்வாறு மாற்றலாம்?

விடை

(அ) அவளது சொந்தப் படிவத்தின் தலைப்பு. பொத்தானை அழுத்தியதும் அவளது படிவம் முன்னணிக்கு வந்துவிடுவதே காரணம்.
(ஆ) பொத்தானை நீக்கி ஒரு ரைமரை வைக்க வேண்டும். 500 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அது முன்னணிச் சாளரத்தை அறிந்து, தலைப்பைப் படிவத்தில் உள்ள சுட்டுத்துண்டில் எழுத வேண்டும். ரைமர் குவியத்தை எடுப்பதில்லை. செய்திப் பெட்டியில் காட்டுமாறு எழுதினால் புள்ளி கிடையாது. செய்திப் பெட்டி திறக்கும்போது குவியத்தைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளும்.